சக்கரம் வைத்த சந்தை

அந்தச் சந்தையில் எந்தக் கடையும் தரையோடு ஒட்டியிருக்காது. அரிசிக்கடை வண்டியில் நிற்கும். பூட்டுக்கடை சக்கரம் வைத்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். தராசு மேசைக்கும் சக்கரம், கல்லாப் பெட்டி வைத்த ஸ்டூலுக்கும் சக்கரம். வாரம் ஒருமுறை தரையைக் கழுவிவிடும்போது மொத்தச் சந்தையும் கடகடவென்று ஓரமாக உருண்டுபோய் நிற்கும். தலைவர் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார். "ஒழுங்குன்னா இதுதான் ஒழுங்கு" என்று வந்தவர்களிடம் சொல்வார்.

தலைவர் என்றால் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. சங்கத்து விதிகளில் ஒரு வரி உண்டு: கடைக்கு இடம் கொடுப்பதும் எடுப்பதும் தலைவரின் முடிவு. தேர்தல் என்று ஒன்று வரும், போகும். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் ஒருவரிடமும் கைநீட்டாத குடும்பம் அது. கொடுத்த வாக்கு மாறாத குடும்பம். அந்தப் பெருமையில்தான் தலைவரின் முதுகு வளையாமல் நின்றது.

ஆனால் சந்தை தேய்ந்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு சந்தை. அங்கே பளிங்கு மேடை, குளிர் அறை, ஒழுகாத புதுக் கூரை. இக்கரை ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போனார்கள். "நம்ம வியாபாரிங்க சோம்பேறிங்க. கைக்காசு இருந்தும் ஒரு பலகை மாத்த மாட்டாங்க" என்று தலைவர் அலுத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் மீன்கார அம்மாள் மாடியேறி வந்தாள்.

"ஐயா, ஒரு குளிர் அறை கட்டலாம்னு இருக்கேன். பாங்க்ல கடன் கேட்டேன். கடை எத்தனை வருஷத்துக்கு உன்னதுன்னு கேக்கறாங்க."

"நீ இருக்கற வரைக்கும் உன்னதுதான். நான் சொன்னேன்னு சொல்லு."

"சொன்னேங்க. ஐயா வாக்கு தங்கம்னு அவங்களும் சொல்றாங்க. ஆனா அது விதிலயே இருக்கணுமாம். தலைவர் நினைச்சாலும் எடுக்க முடியாதுன்னு எழுதணுமாம்."

தலைவரின் முகம் சிவந்தது. "எங்க குடும்பத்து வாக்குக்கு மேல ஒரு காகிதமா? உங்க பாங்க்காரன் பிறக்கறதுக்கு முன்னாடியே எங்க வாக்கு பிறந்தாச்சு. போம்மா."

அவள் போனாள். கோபம் ஆறாமல் தலைவரும் இறங்கித் தங்கையின் தையல் கடைக்குப் போனார். வீட்டுக்காரரை இழந்தபின் அவள் அங்கேதான் பிழைக்கிறாள். அண்ணனைத் திட்ட உரிமையுள்ள ஒரே ஆளும் அவள்தான்.

"கேட்டியா கூத்தை" என்று ஆரம்பித்தவர், நடந்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டு, உட்கார ஒரு பெட்டியை இழுத்தார். அது உருண்டது. அப்போதுதான் கவனித்தார்: தையல் மேசைக்கும் சக்கரம், துணி அலமாரிக்கும் சக்கரம்.

"உனக்கு எதுக்கும்மா சக்கரம்? உன்னை யார் கிளப்பப் போறாங்க?"

தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உண்மையைச் சொல்லட்டா, சாப்பாட்டு நேரத்துக்குச் சமாதானம் ஆவீங்களா?"

"சொல்லித் தொலை."

"பாத்திரக்காரர் ஞாபகம் இருக்கா? கூட்டத்துல நீங்க பேசறப்ப எழுந்து நிக்கலைன்னு அடுத்த நாளே காலி பண்ணச் சொன்னீங்க. செங்கல் வெச்சுக் கட்டின கடை. பாவம், இடிச்சுத்தான் சாமானை எடுத்தாரு."

"மறு வாரமே நானே கூப்பிட்டு இடம் குடுத்தேனே. அதை ஏன் விட்டுட்ட?"

"விடலையே. தொரத்தினதும் உங்க இஷ்டம், கூப்பிட்டதும் உங்க இஷ்டம். திரும்பி வந்தவரு வண்டியோட வந்தாரு. அவரைப் பாத்து மத்தவங்க. நீங்க மாடியில நின்னு ஒழுங்குன்னு ரசிச்சுட்டு இருக்கீங்க."

தலைவர் உட்கார இழுத்த பெட்டியின் சக்கரத்தைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"உங்க வாக்கு மேல எனக்குச் சந்தேகமே இல்லண்ணா. உங்க கோபத்து மேலதான்" என்றாள் தங்கை. "மாடில கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, அப்பா ஜெயிச்ச தீர்ப்பு. அது வர்றதுக்கு முன்னாடி இந்தச் சந்தைக்குக் கூரை இருந்துச்சா?"

தலைவர் மாடிக்குத் திரும்பி கண்ணாடிக்குள் இருந்த அந்தத் தீர்ப்பின் முன்னால் நின்றார். ஒரு காலத்தில் அரசாங்கம் ஓர் ஆணை போட்டு இந்த இடத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. அப்பா நீதிமன்றம் ஏறினார். நாட்டின் அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருந்தது: சட்டத்தின் வழியில் அல்லாமல் எவருடைய இடத்தையும் எடுக்க முடியாது, எடுப்பவர் மந்திரியானாலும். சங்கம் ஜெயித்தது. அதுவரை தார்ப்பாய்க்குக் கீழே கடை விரித்திருந்த அப்பா அந்த ஆண்டுதான் தூண் நட்டுக் கூரை போட்டார். மந்திரி நல்லவரா கெட்டவரா என்று அப்பா கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை தீர்ந்த பிறகுதான் இந்த மண்ணில் காசைப் போட்டுக் கட்டினார்.

மந்திரியைக் கட்டிய கயிறு தன்னைக் கட்டாமல் மாடிப்படியோடு நின்றுவிட்டதா என்று தலைவர் யோசித்தார். யோசனை கசந்தது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவருடைய வாக்கு அவர் மூச்சோடு போகும். அதன் பிறகு அந்த நாற்காலியில் எவன் உட்காருவானோ.

பொதுக்கூட்டம் கூடியது. தலைவர் தானே எழுந்து புது விதியை வாசித்தார். கடை இடம் பத்து ஆண்டுக்கு. நடுவில் எடுக்க வேண்டுமானால் பொதுக்கூட்டத்தில் ஓட்டு, பாதிக்கு மேல் வேண்டும். தலைவருக்கும் ஒரே ஓட்டு. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக முடியாது. "இது யாரும் கேட்டு நான் குடுக்கறது இல்ல. எங்க குடும்பம் தானாக் குடுக்கறது" என்றார் விறைப்பாக. எல்லோரும் கைதட்டினார்கள்.

மீன்கார அம்மாளுக்குக் கடன் கிடைத்தது. குளிர் அறை எழுந்தது. ஆனால் மற்ற கடைகளில் ஒரு சக்கரமும் கழலவில்லை.

"இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு?" என்று தங்கையிடம் பொருமினார்.

"வாசல்ல நாய் இருக்குன்னு போர்டு மாட்டியாச்சு. குரைக்குதான்னு பாக்கணும்ல."

பார்க்க நேரம் வந்தது. குளிர் அறையிலிருந்து வடிந்த தண்ணீர் சந்தைக்குள் ஓடி, தலைவர் படியிறங்கும் இடத்தில் தேங்கியது. வெள்ளை வேட்டியோடு வழுக்கி, எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார்ந்துவிட்டார். யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எழுந்த வேகத்தில் அவர் கை மீன்கடையை நோக்கி நீண்டது.

"நாளைக்குக் காலையில இந்த இடம் காலியாகணும்."

பாத்திரக்காரரின் கை தன்னிச்சையாக வண்டிப் பிடியைப் பற்றியது. மீன்கார அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தண்ணி விட்டது என் தப்புங்க ஐயா. காலி பண்ணணும்னா கூட்டத்தைக் கூட்டுங்க. ஓட்டுப் போடட்டும்."

ஈர வேட்டியோடு தலைவர் நின்றார். ஒரு சொல் சொன்னால் போதும், பழைய பயத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அது அவருக்குத் தெரியும். அவர்கள் அவரையே பார்த்தார்கள். தையல் மேசைக்குப் பின்னாலிருந்து தங்கையும் பார்த்தாள். புது விதியின் கீழே இருப்பது அவர் கையெழுத்து. அதுவும் ஒரு வாக்குத்தானே.

"சாயங்காலம் கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

கூட்டத்தில் காலி செய்ய வேண்டும் என்று முதலில் கை தூக்கியது அவர்தான். கோபம் தீரவில்லை, மறைக்கவும் இல்லை. அவரோடு தயங்கித் தயங்கிச் சில கைகள் எழுந்தன. எதிர்ப்பக்கம் முதலில் எழுந்த கை தங்கையுடையது. அடுத்தது பாத்திரக்காரருடையது. பிறகு மளமளவென்று எழுந்தன. வடிகால் வெட்டித் தர வேண்டும், கடை இருக்கலாம் என்று முடிவாயிற்று. அதை வாசிக்கக் காகிதத்தை வேறொருவர் எடுத்தபோது தலைவர் பிடுங்கிக்கொண்டார். "தலைவர் கோரிக்கை தோற்றது" என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அவரே வாசித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தங்கை கூடவே நடந்தாள். "வலிக்குதாண்ணா?"

"இடுப்பு வலிக்குது."

"அதைத்தான் கேட்டேன்."

"உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நடையை அவளுக்காகக் குறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தலைவர் பாலத்தருகே வரும்போதே சத்தம் கேட்டது. சந்தைக்குள் டமார் டமார் என்று அடிக்கிறார்கள். பதறிப்போய் விரைந்தார். பாத்திரக்காரர் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செங்கல் வந்து இறங்கியிருந்தது. பூட்டுக்கடைக்காரர் தரையில் ஆணி அறைந்துகொண்டிருந்தார்.

தங்கையின் துணி அலமாரி சக்கரமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றது. அவள் கையில் சுத்தி.

"இது கோணலா இருக்குன்னு தோணுது. பிடிச்சுக்கங்க" என்றாள்.

தலைவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலியோடு குனிந்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "நல்லா அழுத்தி அடி. நான் சொன்னாலும் நகரக் கூடாது."