பத்துமலைக்குத் தினமும் முடிதிருத்தம்

ஈப்போவில் புந்தோங் கடைவரிசையில் அர்ச்சுனன் முடிதிருத்தும் கடை போட்டு முப்பத்திரண்டு வருஷமாகிறது. எத்தனையோ விதமான தலைகளைப் பார்த்துவிட்டார். ஆனால் நேற்று வெட்டிய தலையை இன்றைக்கும் வெட்டச் சொல்லி ஒருவர் வந்து உட்கார்ந்தது போன மார்ச் மாதத்தில்தான் முதல் தடவை.

வந்தவர் பத்துமலை. எழுபத்தொன்பது வயது. கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்தை நிர்வாகம் விற்று அங்கே வீடுகள் எழும்பிய பிறகு கடைசி மகளோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். ஒரு பொத்தான்கூடத் தவறாமல் போட்ட வெள்ளைச் சட்டையும் பெல்ட்டுமாக, காலை பத்து மணிக்கு டாணென்று கடை வாசலில் நின்றார்.

"தம்பி, நல்லா ஒட்ட வெட்டிவிடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். பொண்டாட்டியையும் புள்ளையையும் வீட்டுக்குக் கூட்டியாரணும்."

இந்த வயசில் பெண்டாட்டிக்குப் பிரசவமா என்று அர்ச்சுனனுக்கு விளங்கவில்லை. மகளைத்தான் வாய் தவறிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சொன்னபடியே ஒட்ட வெட்டி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அதே பத்து மணி. அதே வெள்ளைச் சட்டை. அதே ஆஸ்பத்திரி.

"நேத்துத்தானண்ணே வெட்டுனோம்?" என்று அர்ச்சுனன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

பத்துமலை கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். தலையைத் தடவினார். பெஞ்சில் காத்திருந்த ஆட்களைப் பார்த்தார். நாலு பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்துவிட்டவரைப் போலக் கூசிப்போய், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அர்ச்சுனனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அட, எனக்குத்தான் மறந்துபோச்சு. வெட்டுனது வேற ஆளு. உக்காருங்கண்ணே" என்று தோளை மெல்ல அமுக்கித் துணியைப் போர்த்திவிட்டார்.

வெட்டுவதற்கு அந்தத் தலையில் என்ன இருக்கிறது? தண்ணீர் தெளித்தார். சீப்பால் வாரினார். கத்தரிக்கோலை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெறும் காற்றில் சரக் சரக்கென்று காதைச் சுற்றி ஓட்டினார். பிடரியில் பவுடர் போட்டு, பின்னால் சின்னக் கண்ணாடியைக் காட்டினார். பத்துமலை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆங்... இப்பத்தான் ஆளு மாதிரி இருக்கேன்" என்று நிமிர்ந்து நடந்து போனார்.

ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள் அர்ச்சுனன் கடையைத் தெரிந்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு மலிவுவிலை வீடு. கேட் திறந்தே கிடந்தது. அன்று சாயங்காலம் திரும்பவும் போனபோதுதான் மகள் பிரமிளாவைப் பார்க்க முடிந்தது. கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் வேலை. நாற்பத்தேழு வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் பிரமிளா முதலில் போய்க் கேட்டைத்தான் சாத்தினாள்.

"மறதி நோயின்னு கிளினிக்குல சொல்லி ஒரு வருஷமாச்சுண்ணே. பக்கத்து வீட்டு அக்காதான் பாத்துக்கிட்டாங்க. அவங்க மகன் வீட்டுக்குப் போய் ரெண்டு வாரம் ஆவுது. அப்பா வெளிய போறாருன்னே எனக்குத் தெரியாதுண்ணே. இனிமே கேட்டைப் பூட்டிட்டுத்தான் நான் வேலைக்குப் போவணும்."

"பூட்டாதம்மா. ஊரெல்லாம் லாரி ஓட்டுன மனுசன். உள்ள போட்டுப் பூட்டுனா என்னத்துக்கு ஆவாரு? பத்து மணிக்கு என் கடைக்கு வாராரு. வரட்டும்லா. மத்ததை நாங்க பாத்துக்குறோம்."

அவர் தினமும் சொல்லும் ஆஸ்பத்திரிக் கதையையும் அர்ச்சுனன் சொன்னார். பிரமிளா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

"அம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. எங்க அக்காமாருல ஒருத்தியத்தான் தூக்கியாரப் போறாரு போல. நான் மூணாவது. அதுவும் பொட்டப் புள்ளையின்னு தெரிஞ்சதும் அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே வரலையாம். பெரியம்மாதான் என்னையும் அம்மாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்களாம். சின்னப் புள்ளையில அவங்க சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க."

அர்ச்சுனன் சொன்ன "நாங்க" அப்போது அவர் ஒருவர்தான். மறுநாள்தான் கடைவரிசை முழுக்க ஏறி இறங்கினார். முக்கில் கோப்பிக் கடை வைத்திருக்கும் ஆ கியோங், முடி வெட்டி முடிந்ததும் பெரியவரை உட்காரவைத்து ஒரு கோப்பி கொடுப்பதாகச் சொன்னார். பூக்கடை புஷ்பலதா பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போகிறவள். போகிற வழிதான், கையோடு கூட்டிப்போய் விடுகிறேன் என்றாள். கடைக்காரர்களின் வாட்சாப் குழுவில் அதுவரை தண்ணீர் வராததையும் குப்பை லாரி வராததையும்தான் பேசுவார்கள். இப்போது, 'பெரியவர் கிளம்பிட்டார்', 'கோப்பி குடிக்கிறார்', 'வீட்டுல விட்டாச்சு' என்று தினமும் மூன்று செய்தி வந்தது. தொழிற்சாலையில் இடைவேளையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பிரமிளா சாப்பிடுவாள்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. அர்ச்சுனனுக்குள் ஒரு பெருமை வளர்ந்திருந்ததை அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் பெஞ்சில் புது ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால், பத்துமலை போன பிறகு, "அவருக்கு நான் வெட்டுனாத்தான் ஆவும்" என்று ஒரு வார்த்தை போடாமல் இருக்கமாட்டார்.

ஆகஸ்டில் அவருடைய வலது கண்ணில் புரை அறுக்க நாள் குறித்தார்கள். இரண்டு வாரம் கடை திறக்கக்கூடாது, முடித்தூசி கண்ணில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆ கியோங்கிடம் பத்து மணிக்கே பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடும்படி சொல்லிவைத்தார். வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தபோதும் சுவர்க் கடிகாரம் பத்து அடித்தால் கை சும்மா இராது, கத்தரிக்கோல் பிடித்தாற்போல விரல்கள் ஆடும்.

"கண்ணுக்கு மருந்து விடுற நேரமாச்சு, அங்க என்ன செய்யுறீங்க?" என்பாள் மனைவி கலாதேவி.

"பெரியவரு கடை சாத்தியிருக்குன்னு தவிச்சுப் போயிருப்பாரு கலா."

"குழுவுலதான் தினமும் போடுறாங்களே, நல்லா இருக்காருன்னு."

"அவங்க அப்படித்தான் போடுவாங்க. நான் மனசு சங்கடப்படக்கூடாதுன்னு."

இரண்டு வாரம் கழித்துக் கடையைத் திறந்தார். கண்ணாடிகளைத் துடைத்து, வெளுத்த துணியை எடுத்து உதறி வைத்தார். மணி பத்தாயிற்று. தெருக்கோடியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அர்ச்சுனன் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். பத்துமலை நேரே வந்தார். அர்ச்சுனனைப் பார்த்து, தெருவில் போகிற யாருக்கோ சொல்வதுபோல், "காலை வணக்கம் தம்பி" என்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டி எதிரே இருந்த அழகு நிலையத்துக்குள் நுழைந்துவிட்டார்.

அது விவியன் என்ற பெண்ணின் கடை. திறந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஏர்கோன் குளிரும் ஷாம்பு வாசமும் பாட்டுச் சத்தமுமாக இருக்கும். அர்ச்சுனன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது.

கோப்பிக் கடையில் ஆ கியோங் சிரித்தார். "பெரியவரு இப்ப ஹென்சம்லா! ரெண்டு வாரமா அங்கதான்."

அர்ச்சுனன் கோப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அன்று மூன்று பேருக்கு முடி வெட்டினார், மூன்றும் மனசில்லாமல். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு புலம்பினார்.

"அஞ்சு மாசம் பாத்தேன் கலா. ரெண்டு வாரத்துல மறந்துட்டாரு."

"அவருக்கு வியாதியே அதுதானேங்க" என்றாள் கலாதேவி. குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஆளு நல்லா இருக்காருல்ல? சந்தோசமா நடந்து போனாருல்ல?"

"போனாரு."

"பின்ன உங்களுக்கு என்ன கொறை?"

என்ன குறை என்று படுக்கையில் யோசித்துப் பார்த்தபோது, தான் இல்லாமல் அவர் தவிக்கவில்லை என்பதுதான் குறை என்று தெரிந்தது. வெட்கமாகிவிட்டது.

மறுநாள் பத்தரை மணிக்கு அவரே தெருவைத் தாண்டினார். உள்ளே தலை கழுவும் நாற்காலியில் பத்துமலை சாய்ந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. விவியன் வெந்நீரைக் கையில் விட்டுச் சூடு பார்த்துப் பார்த்து அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனனைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"சாரி அங்கிள். நீங்க லீவுல போன மொத நாளு, உங்க கடை வாசல்லயே நின்னுட்டாரு. ஆ கியோங் அங்கிள் கூப்ட்டும் போகல. முடி வெட்டாம எப்படிப் போறதுன்னு நிக்கிறாரு. நல்ல வெயிலு. அதான் கூட்டியாந்தேன். உங்கள மாதிரிக் கத்தரிக்கோலை மேல பிடிச்சு ஓட்ட எனக்கு வரல. அதான் தலை மட்டும் கழுவிவிட்டேன்."

"சாரியெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அர்ச்சுனன். "நல்லாத்தான் பாத்திருக்க."

"ஒண்ணு கேளுங்க அங்கிள். வெந்நி பட்டா நல்லாப் பேசுறாரு." விவியன் குனிந்து, "தாத்தா, நாளைக்குப் புள்ளையக் கூட்டிட்டு வாரீங்களே, பேரு வச்சாச்சா?" என்று கேட்டாள்.

பத்துமலை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவ ஆத்தா குலதெய்வத்துப் பேரு வைக்கணும்னு நிக்கிறா. மொத ரெண்டுக்கும் அவ சொன்ன பேருதான் வச்சோம். இதுக்கு நான்தான் வைப்பேன். பிரமிளா. தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு ரேடியோவுல கேட்டேன். நல்ல பேரு."

அர்ச்சுனன் அங்கேயே கைத்தொலைபேசியை எடுத்து, அடுத்த விடுப்பு எப்போது என்று பிரமிளாவுக்குச் செய்தி அனுப்பினார்.

அந்த வாரம் பிரமிளாவுக்கு விடுப்பு கிடைத்த நாளில் அவளையும் அங்கே வரச் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை. விவியன் அதே வெந்நீரை ஊற்றி அதே கேள்வியைக் கேட்டாள். பத்துமலை அன்று முதலில் ரவுண்டானாவைப் பற்றிப் பேசினார், லாரி டயரைப் பற்றிப் பேசினார். இன்றைக்கு வராது போலிருக்கிறது என்று அர்ச்சுனன் நினைத்த நேரத்தில், "பிரமிளான்னு வைக்கப்போறேன்" என்றார். "நெத்தி என்னை மாதிரின்னு நர்ஸு சொல்லுச்சு."

பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அர்ச்சுனன் பின்னால் போனார். அவள் நடைபாதைத் தூணில் சாய்ந்து நின்று அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

"அப்ப பெரியம்மா சொன்னது பொய்யாண்ணே?"

"அன்னைக்கு அவரு போனாரோ இல்லையோ, நமக்குத் தெரியாதும்மா. இப்பத் தினமும் கெளம்புறாரு, உன்னைத் தூக்கியார. அது மட்டும் நான் கண்ணால பாத்தது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், துண்டை வாங்கி அப்பாவின் தலையைத் துவட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "மெல்லம்மா" என்றார்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. தலை கழுவுவது விவியன் கடையில். கழுவி முடிந்ததும், "தாத்தா, வெட்டுறது எதிர்க் கடை" என்று தெருவைத் தாண்டி விட்டுவிடுவாள். பத்துமலைக்கு அரை மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் ராஜ உபசாரம்.

செப்டம்பர் கடைசியில் விவியன்தான் அடுத்த பேச்சை எடுத்தாள். அவளுடைய தேவாலயத்தில் இரண்டு மூன்று குடும்பங்களில் இதே மாதிரி பெரியவர்கள் இருக்கிறார்கள், வெளியே கூட்டிவரக் கூச்சப்படுகிறார்கள் என்றாள். இரண்டு கடைக்கும் திங்கட்கிழமை விடுமுறை, பத்துமலைக்காகக் காலையில் கொஞ்ச நேரம் திறப்பதோடு சரி. பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொதுமண்டபத்துக் கமிட்டியிடம் கேட்டால் சாவி கிடைக்கும், அங்கே வைத்து அவர்களுக்கும் தலை கழுவி முடி வெட்டிவிடலாம் என்றாள்.

"திங்கக்கெழமதான் எனக்கு ஓய்வு" என்று சொல்ல வாயெடுத்த அர்ச்சுனன், "சாவிய நானே வாங்கியாரேன்" என்றார்.

முதல் திங்கள் நல்ல மழை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார்கள். ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு மறதியே கிடையாது. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் வந்தவர்கள். பத்துமலை வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்.

கடைசியாக ஒரு வயதான ஜோடி குடை பிடித்து வந்தது. பிச்சைமுத்து, அவர் மனைவி கருப்பம்மாள். சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீட்டிலிருந்து மகளிடம் வந்து தங்கியிருப்பவர்கள். பிச்சைமுத்துவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் மனைவியின் சேலை நுனியை விடமாட்டார். கருப்பம்மாள் எட்டு மாதமாகக் குளியலறைக்குப் போனால்கூடக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு போகிறவள்.

அர்ச்சுனன் பிச்சைமுத்துவை மெல்ல நாற்காலியில் உட்காரவைத்துச் சேலை நுனிக்குப் பதிலாக ஒரு சின்னத் துண்டைக் கையில் கொடுத்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். மழிக்க நுரை போட்டபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களும் உக்காருங்க பாட்டி" என்றாள் விவியன்.

"எனக்கா? எனக்கு எதுக்குடி? அவருக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

"சும்மாதான். வெந்நி இருக்கு, வாங்க."

கருப்பம்மாள் அரை மனசாக உட்கார்ந்தாள். விவியன் அவளுடைய வெள்ளைக் கொண்டையை அவிழ்த்து, வாளித் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றி, விரலால் அழுத்திக் கழுவினாள். முதலில் கருப்பம்மாளின் கழுத்து திரும்பித் திரும்பிக் கணவர் இருக்கும் பக்கம் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. தலையில் துண்டைச் சுற்றி, பின்னால் சாய்த்து விட்டபோது, அவள் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து மெல்லிய குறட்டை வந்தது.

ஆ கியோங் கடையிலிருந்து மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலங்கள் வந்து இறங்கின. புஷ்பலதா எழுப்பப் போனாள். அர்ச்சுனன் கையால் சைகை காட்டினார்.

"விடு புஷ்பா. எந்திரிச்சா சாப்டட்டும்."

பிச்சைமுத்துவுக்குத் தாடை வழவழவென்று இருந்தது. துண்டைப் பிடித்தபடி பத்துமலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பத்துமலை அவரிடம் லாரிக் கதை சொல்லத் தொடங்கினார். வெளியே மழை இன்னும் விட்டபாடில்லை. அர்ச்சுனன் கைத்தொலைபேசியை எடுத்துக் கலாதேவிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.