இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. கொஞ்சம் பயமுறுத்துகிற கதைதான். என்றாலும் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

விடியும்போதே அவள் வேலையில் இருந்தாள். வருவதும் போவதும் காதில் விழாததால் அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பேர். கணினி அறையின் குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இயந்திரக் காற்றாடிகளின் இரைச்சல் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்குறைப்புக்குப் பிறகு மற்றவர்கள் வேலையும் அவள் தலையில்தான்.

அவள் கம்பெனிக்குக் கன்டெய்னர் தொழில். கப்பலில் வரும் பெட்டியை நினைக்காதீர்கள். ஒரே கணினிக்குள் வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனி அறை தடுத்துக் கொடுப்பதுபோல இது. அந்த அறைகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருள்தான் இவர்கள் பிழைப்பு. வாடிக்கையாளர் ஏற்றும் கோப்பின் பாதையில், அதாவது அதன் முகவரியில், இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வந்தால் 'ஒரு படி மேலே போ' என்று பொருள். அப்படி ஏறி ஒருவர் அடுத்தவர் அறைக்குள் நுழைந்துவிடாதிருக்க, அந்தக் குறியைக் கண்டதும் வெட்டிவிடும்படி பூனைதான் எழுதியிருந்தாள்.

அன்று ஏதோ ஒரு சந்தேகம். குறியின் நடுவே அதே குறியை இன்னொரு தடவை செருகிக் கொடுத்தாள். மென்பொருள் நடுவில் இருந்ததை வெட்டியது. வெட்டிய இடத்தில் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு அதே குறி மறுபடி முளைத்தது. திரையில் பக்கத்து அறையின் கோப்புகள் விரிந்தன. ஒரு மருத்துவமனையுடையவை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு. நினைத்தால் மாற்றியும் எழுதலாம்.

நேரே முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

முதலாளி காதில் மாட்டிய போனைக்கூடக் கழற்றவில்லை. "வெளிய யாருக்காவது தெரியுமா?"

"இதுவரைக்கும் தெரியாது சார்."

"அப்ப ஓட்டையே இல்ல. புது வாடிக்கையாளர் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் சத்தமில்லாம அடைச்சுக்கலாம்."

"அதுக்குள்ள யாராவது மருந்தளவ மாத்திட்டா?"

"எழுதினது யாரு? நீதானே. வெளிய வந்தா உன் பேரத்தான் சொல்லுவேன். அப்புறம் எந்தக் கம்பெனியும் உன்ன வாசப்படி ஏத்தாது."

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். கால் தானாகக் கை கழுவும் இடத்துக்குப் போனது.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் பெரியக்கா. வாடிக்கையாளர் போன்களுக்குப் பதில் சொல்கிறவள். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் குண்டுமணியும் டீக்கோப்பையோடு நின்றான். பூனை எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ எழுதினத இன்னொருத்தர் சரிபார்க்கணும்ல? அந்த ஆளையே வீட்டுக்கு அனுப்பினாரே, அது யார் தப்பாம்?" என்றான் குண்டுமணி.

"வேல போயிடும்ணே."

"எனக்கென்ன சம்பளம் மரத்துலயா காய்க்குது? எனக்கும் பயந்தான். வா, சேர்ந்தே பயப்படுவோம்."

"நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்காரங்க போன் பண்ணா, பொய் சொல்லப்போற வாய் என்னோடது," என்றாள் பெரியக்கா. "என்னால முடியாது."

மூவரும் முதலாளி முன் போய் நின்றார்கள். ஓட்டை அடைபடும்வரை வாடிக்கையாளர்கள் கோப்பேற்றும் வழியை மூடுகிறோம், எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லப்போகிறோம் என்றார்கள்.

"மூணு பேரையும் தூக்கிடுவேன்."

"தூக்குங்க சார்," என்றான் குண்டுமணி. "அடைக்கத் தெரிஞ்ச ஆளுங்களும் நாங்கதான். அதையும் யோசிச்சுக்குங்க."

முதலாளி வக்கீலைக் கூப்பிட எழுந்து போனார். பூனை கணினி முன் போய் உட்கார்ந்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். பெரியக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழி மூடியது. உடனே போன் அடிக்கத் தொடங்கியது, ஒன்று, பிறகு எல்லாம். வேலை தங்குமா என்று மூவருக்கும் தெரியாது. பெரியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் போனை எடுத்தாள்.

"வணக்கம். உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும்."

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுங்களா. நெஞ்சு படபடக்கிற நாளில், பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கட்டும்.