சிஸ்டர் தெரிவித்த வருத்தம்

மேலவையில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்று, நர்ஸுகளும் கம்பவுண்டர்களும் ஆம்புலன்ஸ் டிரைவர்களும் போட்ட ஓட்டில் சுயேச்சையாக உள்ளே வந்தவர். "எங்க கட்சிக்குத் தலைவரும் நானே, கொறடாவும் நானே, கூட்டம் முடிஞ்சா நாற்காலி மடக்குறதும் நானே" என்று சொல்லிச் சிரிப்பார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் உறுப்பினர்கள் அவரை வராந்தாவில் நிறுத்தி, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். அவர் அவையில் பேச எழுந்தால் அதே ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். சுயேச்சையின் முறை கடைசியில்தான் வரும். அதுவும் மூன்று நிமிடம்தான். பாதி பேசும்போதே அவைத்தலைவரின் கை மணியைத் தேடிப் போய்விடும்.

சிஸ்டரின் கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவருக்கு ஒரே தங்கை. சின்னத் தையல் கடை வைத்திருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே ஒரு பையனை வளர்த்து ஆளாக்கினாள். தலைமுடி சுருண்டு சுருண்டு சீப்புக்கு அடங்காமல் நின்றதால் அவனை எல்லோரும் சுருட்டை என்றார்கள். வாய் ஓயாமல் பேசுவான். அத்தையைப் பார்த்தால், "உங்க அவையில கொட்டாவி விட்டா மைக்ல கேக்குமா?" என்பான்.

அவன் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் அங்கே குளிரூட்டும் குழாய் வெடித்து முன்பக்கம் முழுவதும் விஷவாயு நிறைந்தது. உள்ளே இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. சரக்கு திருட்டுப் போகிறதென்று முதலாளி போடச் சொன்ன பூட்டு அது. சாவி மேற்பார்வையாளரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஆறு பேர் செத்துப்போனார்கள்.

பிணவறைக்குள் போனது சிஸ்டர்தான். பையனின் அம்மாவை உள்ளே விட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சுருட்டையின் முகத்தைத் துடைத்தார். அவன் விரல்களைப் பார்த்தார். நகங்கள் இருந்த கோலத்தை நாத்தனாரிடம் அவர் எப்போதும் சொன்னதில்லை. ஒரு துணியை எடுத்து இரண்டு கையையும் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவையில் அவர் கேட்ட கேள்வியெல்லாம் அந்தக் கம்பெனியைப் பற்றித்தான். 'விசாரணையில் உள்ள விஷயம்' என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் என்பது ஊரறிந்த ரகசியம். அப்புறம் தொழிற்சாலைகள் மசோதா மேலவைக்கு வந்தது. சிஸ்டர் அதற்கு ஒரே ஒரு திருத்தம் கொடுத்தார். ஆள் வேலை செய்யும் நேரம் முழுவதும் வெளியேறும் கதவு எதுவானாலும் சாவியில்லாமல் உள்ளிருந்தே திறக்கும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான் திருத்தம்.

அன்று சாயங்காலமே நாத்தனார் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"திருத்தம்னா என்ன அண்ணி? ஜெயில்ல போடுவாங்களா அந்த முதலாளியை?"

"அது கோர்ட்டு வேலைம்மா. ஆனா எனக்குப் பேச நேரம் குடுப்பாங்க. ஆறு பேர் பேரையும் அவையில சொல்லுவேன். அங்க சொன்னா அது அவைக்குறிப்புல ஏறிடும். எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது."

நாத்தனார் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "நான் வந்து கேக்கலாமா?"

"பாஸ் வாங்கித் தர்றேன்."

மசோதா வந்த அன்று காலை தொழிலாளர் துறை அமைச்சர் தன் அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வயதானவர். தூக்கம் கெட்டுக் கண் வீங்கியிருந்தது. மேசையில் கோப்புகளும் மாத்திரை அட்டைகளும் கலந்து கிடந்தன.

"உக்காருங்க சிஸ்டர். சுத்தி வளைக்கல. உங்க திருத்தத்தை அரசு ஏத்துக்கும்."

சிஸ்டருக்குக் காதில் விழுந்தது மனதில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இத்தனை வருடத்தில் அவர் கொடுத்த எந்தத் திருத்தமும் ஓட்டெடுப்பு வரைக்குமே போனதில்லை.

"நிஜமாவா?"

"ஆனா அந்தக் கம்பெனி பேரு வரக்கூடாது. விபத்து வரக்கூடாது. செத்தவங்க பேரும் வரக்கூடாது. நீங்க எழுந்து 'முன்மொழிகிறேன்'னு சொல்லுங்க. நான் எழுந்து 'ஏற்கிறோம்'னு சொல்றேன். முடிஞ்சுது."

"அந்த ஆறு பேரோட வீட்டுக்காரங்க மேல பார்வையாளர் மாடத்துல வந்து உக்காந்திருக்காங்க."

"தெரியும்." அமைச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த முதலாளி பேரு அவையில வந்துச்சுன்னா எங்க ஆளுங்களே எழுந்து கத்துவாங்க. நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். திருத்தம் தோத்துடும். நீங்க பேசினது குறிப்புல இருக்கும், கதவு பூட்டினபடியே இருக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கெட்ட மனிதர் என்று ஒதுக்க முடியாதபடி சொன்னார். அதுதான் சிஸ்டருக்குக் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தார். டிராயிங் மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "திருத்தத்தை விடாத" என்றார். பிறகு, "ஆனா மேல போய் தங்கச்சிகிட்ட சொல்லிடு. அவை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு" என்றார்.

சிஸ்டர் மாடத்துக்குப் போகும் படிக்கட்டு வரை போனார். நேரம் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வேண்டாம் அண்ணி, பேரைச் சொல்லுங்க என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? சரி என்று அவளைச் சொல்ல வைக்கத் தனக்கு என்ன உரிமை? ஊசி போடுவதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம், வலிக்கும், பொறுத்துக்கோ என்று சொன்னவர்தான். அன்று வாய் வரவில்லை. மணி அடித்ததும் திரும்பித் தன் இருக்கைக்குப் போய்விட்டார்.

விவாதம் மத்தியானம் வரை இழுத்தது. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கடைசியில் அவைத்தலைவர் சிஸ்டரை அழைத்தார். சிஸ்டர் எழுந்தார். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டார். மாடத்தின் முதல் வரிசையில் நாத்தனார் கைகளை மடியில் வைத்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் பெயரில் உள்ள திருத்தத்தை முன்மொழிகிறேன்" என்றார் சிஸ்டர்.

அவைத்தலைவர் கொஞ்சம் காத்திருந்தார். வழக்கமாக மணியடித்தாலும் நிறுத்தாத ஆள் இது. "வேறு ஏதும் சொல்கிறீர்களா?"

"இல்லை."

அமைச்சர் எழுந்தார். "அரசு ஏற்கிறது."

பேச்சு இனிமேல்தான் வரும் என்று நாத்தனார் நினைத்திருக்க வேண்டும். சிஸ்டர் உட்கார்ந்ததையும், காகிதத்தை மடித்து வைத்ததையும், தலை குனிந்ததையும் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த காவலர் சைகை காட்டினார். அவள் மகனின் பெயரைக் கத்தினாள். சுருட்டை என்று அல்ல. வீட்டில் யாரும் கூப்பிட்டிராத, சான்றிதழில் மட்டும் இருந்த பெயரை, இனிஷியலோடு முழுசாகக் கத்தினாள். இன்னொரு பையனின் பெயர் பாதி வந்தபோது காவலர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியிலிருந்தும் குரல் கேட்டது.

"மாடத்திலிருந்து வந்த எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது" என்றார் அவைத்தலைவர். "யார் கொடுத்த பாஸில் வந்தவர் அவர்?"

சிஸ்டர் எழுந்தார். "நான் கொடுத்தது."

ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். "திட்டம் போட்டு நடத்துற நாடகம் இது! இவங்க திருத்தத்தை நாம ஏன் ஏத்துக்கணும்?" பின்னாலிருந்து நாலைந்து பேர் மேசையைத் தட்டினார்கள். அமைச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ பேசினார். சிஸ்டரைப் பார்க்கவில்லை.

"உறுப்பினர் வருத்தம் தெரிவித்தால் அவையைத் தொடரலாம்" என்றார் அவைத்தலைவர். "இல்லாவிட்டால் இதை உரிமைக்குழுவுக்கு அனுப்ப வேண்டிவரும். மசோதாவும் இன்று நிற்கும்."

இன்று நின்றால் அது திரும்ப வராது. சிஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும்.

"என் பாஸில் வந்தவரின் நடத்தைக்கு வருந்துகிறேன்."

குரல் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் சத்தமாகச் சொன்னார்கள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. திருத்தம் நிறைவேறியது. எதிர்வரிசையிலிருந்து ஒருவர் வந்து, "சிஸ்டர், சாதிச்சுட்டீங்க" என்று கை கொடுத்தார். சிஸ்டர் கையைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

மாடத்தில் கூச்சல் போட்டவர்களை அவை கலையும்வரை கீழே ஒரு அறையில் உட்கார வைப்பது வழக்கம். ஒரு பெஞ்சு, தண்ணீர்க் கேன், மூலையில் உடைந்த மின்விசிறி. பெண் காவலர் சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாள். நாத்தனாரின் கையில் காவலர் பிடித்த இடம் சிவந்திருந்தது. சிஸ்டர் பழக்கதோஷத்தில் அதைப் பிடித்துப் பார்க்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சட்டம் வந்துடுச்சும்மா. இனிமே எவனும் வெளியில பூட்டு போட முடியாது."

"இங்க ஸ்பீக்கர் இருக்கு" என்றாள் நாத்தனார். சுவரில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அவையில் அப்போது யாரோ உரமூட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் கேட்டுச்சு. எம்புள்ள பேரை நான் சொன்னதுக்கு நீங்க மன்னிப்பு கேட்டீங்க."

"கேக்கலைன்னா மசோதா நின்னுருக்கும்."

"சரி."

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். படிக்கட்டு வரைக்கும் வந்தேன்."

"வந்து?"

பிணவறையில் பார்த்ததைச் சொல்லிவிடலாமா என்று சிஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கைகளைப் பார்த்ததால்தான் எனக்குப் பெயரைவிடக் கதவு பெரிதாகிவிட்டது என்று சொன்னால் இவளுக்குப் புரியும். ஆனால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தலையில் கல்லைப் போடுவது. சிஸ்டர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"என்னைக் கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றாள் நாத்தனார். "நீங்க கேக்கலையே."

மறுநாள் பேப்பரில் திருத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 'மாடத்தில் கூச்சல், உறுப்பினர் வருத்தம்' என்று உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி மட்டும் வந்தது. நாத்தனார் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். டிராயிங் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத் தங்கையைப் பார்க்கப் போய்வருவார். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்பார். அதற்குமேல் சிஸ்டரும் கேட்பதில்லை.

மசோதா கீழவையிலும் நிறைவேறிச் சட்டமானது. மழைக்காலம் முடிந்த சமயம், சிஸ்டர் பொதுமக்களைப் பார்க்கும் நாளில், அலுவலகத்தில் மனுவோடு காத்திருந்தவர்களின் வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வரச் சொல்லி ஆள் அனுப்பியும் வரவில்லை. தன் முறை வந்ததும்தான் உள்ளே வந்தாள்.

"எங்க கடையில துணி தைக்கக் குடுக்குற ஒரு பொண்ணு பிளாஸ்டிக் கம்பெனியில வேலை பாக்குது. அங்க பின்னாடி கேட்டை வெளியில பூட்டுறாங்களாம். சட்டம் வந்துடுச்சேன்னு அது கேட்டதுக்கு, எந்தச் சட்டம்னு சிரிச்சிருக்காங்க."

"இன்ஸ்பெக்டருக்கு எழுதுறேன்."

"எழுதுறது இருக்கட்டும். இப்ப வாங்க, போவோம்." நாத்தனார் நின்றுகொண்டேதான் பேசினாள். "எம்புள்ள பேரைக் குடுத்து வாங்கின சட்டம் அது. வாங்கினது வேலை செய்யுதான்னு நான் பாக்கணும்."

வெளியே காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சிஸ்டர் செருப்பை மாட்டினார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். பிளாஸ்டிக் கம்பெனி மேனேஜர் மேலவை உறுப்பினர் என்றதும் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், பழைய கட்டடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார். சிஸ்டர் டீயைத் தொடவில்லை. எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும், எழுதினதே நான்தான் என்றார். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. நாத்தனார் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மெஷின்களுக்கு நடுவே உள்ளே நடந்து, பின்கதவுக்குப் போய் இரண்டு கையாலும் அதைத் தட்ட ஆரம்பித்தாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து அவளோடு சேர்ந்து தட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. சத்தம் பொறுக்க முடியாமல் காவலாளி வெளியிலிருந்து பூட்டைத் திறந்தான். பூட்டையும் சாவியையும் நாத்தனார் அவன் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. சிஸ்டரின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நாத்தனார் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை காலையில தோல் கம்பெனி ஒண்ணு இருக்கு" என்றாள்.

"அன்னிக்கு அவை கூடுதே."

"அது உங்க இஷ்டம்."

இறங்கிப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை சிஸ்டர் அவைக்கு வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, விசாரித்து விசாரித்துத் தோல் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். நாத்தனார் ஏற்கெனவே வந்து வாட்ச்மேனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து நிற்க இடம் விட்டாள்.