இவானிரின் நாலு நிமிடம்

இடுப்பு நிமிரவில்லை. முந்தின நாள் சர்க்கரைக் கப்பலின் அடியறையில் அறுபது கிலோ மூட்டைகளை அடுக்கிய வினை. ஞாயிறு காலை குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாமல், வெறுங்காலோடு முன்னறையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"ராத்திரி பூரா முனகுனியே, ஸ்பீக்கர் தூக்க மட்டும் வலிக்கலையா?" என்றாள் என் மனைவி நெய்ஜி.

"இது வேற பாரம்."

"ஆமா. மூட்டை தூக்குனா சோறு வருது. இதைத் தூக்குனா குப்பை வருது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் சாந்தோஸ் ஊரின் கடற்கரையோர அடுக்குமாடிக்காரர்கள் வீசியெறிந்த டெக்குகள், டிவிகள், கம்ப்யூட்டர்கள் எங்கள் முன்னறையில் பாதியை அடைத்திருந்தன. அவற்றைப் பிரித்து, ஒன்றின் உயிரை இன்னொன்றில் வைத்து ஓடவிடுவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்தில் என்னை டாக்டர் என்பார்கள். "டாக்டரே, இந்த வாரம் எத்தனை டிவியைக் கொன்னீங்க?" என்று மூட்டைக்கு அடியிலிருந்தே கேட்பார்கள்.

அன்று மத்தியானம் ஜுவென்சியோ அண்ணனும் அவர் மனைவி டால்வினா அக்காவும் வருவதாக இருந்தது. அண்ணன் எங்கள் மூட்டைக் கும்பலில் மூத்தவர். அவர்களுடைய ஒரே மகன் இவானிர் ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் துறைமுகத்திலேயே, கயிறு அறுந்து விழுந்த சுமைக்கு அடியில் செத்தான். இருபத்து மூன்று வயது. அவன் போட்டோ நிறைய இருந்தது. அவன் குரல் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேசட்டில்தான், யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. கடல் ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூசணம். கடைக்காரன் எவனும் தொடவில்லை. அக்கா அதைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள்.

பஞ்சால் ஒரு வாரம் துடைத்தேன். டெக்கில் போட்டு, கம்ப்யூட்டரில் பதியவிட்டேன். நாடா ஒரே தடவைதான் ஓடியது. ஓடும்போதே அதன் பூச்சு தோல் மாதிரி உரிந்தது. இனி ஓடாது. ஆனால் நாலு நிமிடம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. இவானிர் கையில் தட்டோடு நின்று, "அம்மா, நீ ஆடுனா தரை உடைஞ்சிரும், உட்காரு" என்று சிரிக்கிறான்.

அன்றைக்கே ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பின்னால் இரைச்சல் இருந்தது, அதை எடுக்க நினைத்தேன். படத்தின் தொடக்கத்தில் அவன் பெயர் போட நினைத்தேன். பெரிய ஸ்பீக்கரில் கேட்டு அவர்கள் வாயடைத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது. நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

மலைமேல் இருக்கும் சாவ் பாவ்லோவில் வீட்டு மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட். மலையிறங்கி எங்கள் ஊருக்கு வந்தால் இருநூற்றிருபது. அங்கிருந்து வரும் சாமானுக்கு இங்கே நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இல்லாமல் குத்திப் புகைய விட்டவனைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். நானே எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் டெக்கும் அப்படி மேலேயிருந்து வந்த மேலூர்ச் சரக்கு. அதனால் டெக், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டி, கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் சிவப்புச் சுவிட்சை நூற்றுப்பத்தில் தள்ளி வைத்திருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை. அக்கா ஒரு தட்டில் சோளமாவு கேக்.

"டேய் டாக்டர், இது வெடிக்காதுல்ல?" அண்ணன் ஸ்பீக்கரைக் காட்டிக் கேட்டார்.

"வெடிச்சா உங்க சட்டைதாண்ணே முதல்ல போகும்."

அக்கா சிரிக்கவில்லை. திரைக்கு முழங்கை தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பெரிய ஆம்ப்ளிஃபயரும் மேலூர்ச் சரக்கு. அதையும் மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. கம்ப்யூட்டர் இரண்டு மின்சாரத்திலும் ஓடுமே என்று, அதன் பிளக்கை உருவிச் சுவரில் குத்தினேன். பின்னால் குனிந்து சிவப்புச் சுவிட்சை இருநூற்றிருபதுக்கு மாற்றவில்லை. இடுப்பு வலியைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் நினைவே வரவில்லை என்பதுதான் நிஜம்.

பொத்தானை அமுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது. வறுத்த மீன் தீய்ந்த மாதிரி நாற்றம்.

"நான் சொன்னேன்ல," என்று அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

பெட்டியைத் திறந்தேன். மின்சாரம் பிரிக்கும் மலிவு டப்பா வெந்து, கூடவே வீடியோ பதிந்திருந்த ஹார்ட் டிஸ்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையும் கருகியிருந்தது. டிஸ்கைக் கையில் எடுத்தபோது சூடாக இருந்தது.

"அவன் இதுக்குள்ளதான் இருக்கானா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்கான்க்கா."

"அப்ப எடு."

"இப்ப முடியாதுக்கா. இதே மாதிரி வேற பலகை கிடைச்சா மாத்தி எடுத்துரலாம்."

அவள் விரலால் டிஸ்கை ஒருமுறை தொட்டாள். "சுடுது," என்றாள். அண்ணன் வாசலுக்குப் போய் அந்தப் பக்கம் பார்த்து நின்றார். கேக்கை யாரும் வெட்டவில்லை.

அதே ரக டிஸ்க் கிடைக்க ஏழு மாதம் ஆனது. பழைய சாமான் சந்தையில் பார்த்து வாங்கினேன். பலகையை மாற்றினேன். டிஸ்க் சுற்றியது, டிக் டிக் என்று தட்டியது, நின்றது. நாலு நாள் வேலை முடிந்து வந்து வந்து முயன்றேன். அதே டிக் டிக். டிஸ்கின் உள்ளேயும் போய்விட்டது.

"போய்ச் சொல்லிரு," என்றாள் நெய்ஜி.

"சொல்றேன்."

"உனக்கு அவங்க அழுறதைப் பார்க்கப் பயம்."

டிஸ்கைத் துண்டில் சுற்றி வைத்தேன்.

அண்ணன் இப்போது துறைமுகத்தில் இதைப் பற்றிக் கேட்பதில்லை. என்னை டாக்டர் என்றும் கூப்பிடுவதில்லை. அக்காதான் ரொட்டிக்கடையில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

"பலகை வந்துச்சா தம்பி?"

"வரலைக்கா. தேடிக்கிட்டிருக்கேன்."

"பொறுமையா தேடு. எனக்கு அவசரமில்லை."

போன வெள்ளிக்கிழமையும் கேட்டாள். போன வெள்ளிக்கிழமையும் அதையேதான் சொன்னேன். டால்வினா அக்காவுக்கு நான் அவள் மகனின் நாலு நிமிடம் பாக்கி. அது இனி வராது என்ற உண்மையும் பாக்கி.