மூலத்தில் இல்லாத வரி

சண்டை முடிந்த வருடம் எல்லாரும் எழுதினார்கள். ஐந்து வருடம் மூடிக் கிடந்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் அலுவலகத்துக்கென்றே தபால்காரர் தனிப் பை சுமந்தார். காகிதத்துக்குத்தான் பஞ்சம். இதழுக்குப் பதினாறே பக்கம், அதில் ஒரே ஒரு கதை. தேறாத கதைகளின் வெற்றுப் பின்பக்கத்தில்தான் அச்சுப்பிழை பார்க்கும் புரூப் எடுத்தோம்.

பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டபோது படிப்பை விட்டவள் நான். கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பது என் வேலை. எதிரே உட்கார்ந்து புரூப்பைச் சரிபார்ப்பவர் கமா அண்ணன். மூச்சுவிடும் இடமெல்லாம் கமா போடுவார், அதனால் அந்தப் பெயர்.

ஒருநாள் வாசிக்க வந்தது என் அத்தை மகளின் கதை. நானும் பொய்ப் பெயரில் ஒரு கதையை அந்தத் தபால் பையில் போட்டுவைத்திருந்தேன்.

கமா அண்ணன் புரூப்பைத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. என் கையெழுத்து. என் ராஜகுமாரி கதையின் மூன்றாம் பக்கம்.

"என்னம்மா, எங்க பாக்குற? வாசி."

வாசித்தேன். போரிலிருந்து திரும்பிய அப்பா, தன் வீட்டுக் கதவையே தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார். அத்தை வீட்டில் யாரும் போருக்குப் போகவில்லை. போய்த் திரும்பியவர் என் அப்பா. கதவுக்கு உள்ளே நின்றவள் நான். அதை அத்தை மகளிடம் அழுதுகொண்டே சொன்னவளும் நான்தான்.

கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது: 'வீடு காத்திருந்தது, அவர்தான் இன்னும் வந்து சேரவில்லை.' கதைக்கே விளக்கேற்றியதுபோல ஒரு வரி. அதை மட்டும் வாசிக்காமல் தாளைக் கவிழ்த்தேன்.

"அவ்வளவுதானா? இங்க இன்னொரு வரி இருக்கே?"

"மூலத்துல இல்லண்ணே."

"பாத்தியா! அச்சுக்கோக்கிறவனும் எழுத ஆரம்பிச்சிட்டான். இந்த வருஷம் ஒருத்தன் பாக்கியில்ல." சிரித்தபடி அந்த வரியை அடித்துவிட்டார்.

இதழ் வந்த மறுவாரம் அத்தை மகள் ஓடிவந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏய், உங்க ஆசிரியர் கெட்டிக்காரர்டி! கடைசி வரியத் தூக்கிட்டாரு பாரு, ஊரே அந்த முடிவைத்தான் பேசுது. எனக்கே இப்பத்தான் கதை புரியுது!"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்தேன். ராஜகுமாரியின் குறுக்கே கோடு போட்டேன். அத்தை மகளிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அப்பா "உள்ளே வரலாமா?" என்று கேட்டதும் நான் சொன்ன பதில். அதையே முதல் வரியாக எழுதினேன்:

"நீங்க யாரு?"