இரண்டு பட்டியலிலும் லூசிங்

வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. விடியவிடிய நவோட்டாஸ் மீன் துறைமுகத்தில் மீன்தொட்டி இழுத்த தோள். கை தூக்க முடியாமல், ஜெபத்துக்கு என் வீட்டில் கூடியிருந்தவர்களின் தலைகளைக் கண்ணாலேயே எண்ணினேன். பன்னிரண்டு.

"பதினொண்ணுதாண்ணே," என்றாள் மெல்பா. மீன் தரம் பிரிப்பவள், எண்ணிக்கையில் தப்பமாட்டாள். "உங்களையே ரெண்டு தடவை எண்ணிட்டீங்களோ? வயிறும் அம்புட்டு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. ஆகஸ்டிலிருந்து இப்படித்தான்.

எங்கள் சபையில் வீட்டு ஜெபக்குழு பன்னிரண்டு பேரைத் தொட்டால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பாஸ்டர் எலிசியோ அதைப் பிரசவம் என்பார். கேக் வெட்டுவோம். ஜூலையில் என் குழுவுக்குப் பிரசவம். ஆறு பேரை ஓடைக்கு அக்கரையில், புதுக் குழுவை நடத்தும் டான்டோய் வீட்டுக்கு அனுப்பினேன். அதில் கருவாடு விற்கும் லூசிங்கும் ஒருத்தி.

"என்னை இங்கேயே வச்சுக்க நார்டிங். அந்தப் பாலம் ஏற முட்டி ஒத்துக்காது," என்றாள்.

"புதுக் குழுவுக்கு உங்களமாதிரி அனுபவப்பட்டவங்க வேணும்க்கா."

பொய். கடலில் போன புருஷனின் கதையை வாராவாரம் முக்கால் மணி நேரம் சொல்வாள். தொட்டி இழுத்து வந்தவர்கள் பாதியிலேயே தூங்கிவிடுவோம்.

அவள் அக்கரைக்குப் போகவில்லை. என்னிடமே தங்கிவிட்டாள் என்று டான்டோய் நினைத்தான். ஆறு என்ற கணக்கு குறையக்கூடாதென்று அவள் பேரை மட்டும் எழுதி வந்தான். நான் அவள் அக்கரைக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். பிரிந்து போனவர்களைத் தாய்க்குழு மூன்று மாதம் தன் ஊழியத்தின் கனியாகத் தன் பட்டியலிலும் எழுதிக்கொள்ளலாம், நானும் எழுதினேன். இரண்டு பட்டியலில் இருந்தாள், ஒரு வீட்டிலும் இல்லை. ஆகஸ்டில் தன் அறையில் செத்துக் கிடந்தாள். கருவாடு காயும் தெருவில் நாற்றத்தை யார் தனியாகக் கண்டுகொள்வது? நாலாம் நாள்தான் கதவை உடைத்தார்கள்.

பாஸ்டர் கேக் பெட்டியோடு உள்ளே வந்தார். "போன வாரத் தாள்ல பன்னிரண்டு போட்டிருந்தியே நார்டிங்! மறுபடி பிரசவம்! எந்த ஆறு பேருன்னு சொல்லு."

"பதினொண்ணுதான் பாஸ்டர்," என்றாள் மெல்பா.

"ஒண்ணுல என்ன இருக்கு? கேக் வாங்கியாச்சு."

"அந்த ஒண்ணு லூசிங் அக்கா," என்றேன். "பேரு இன்னும் ரெண்டு பட்டியல்லயும் இருக்கு."

"அடிச்சுடுப்பா. ரெண்டு கோடுதானே."

வாசலுக்கு நேரே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காப்பியைப் பார்த்தார்கள். இந்த ஆறில் தன் பேர் இருக்குமோ என்று ஒவ்வொருவரும் பயப்படுவது தெரிந்தது.

"என் பேரை எழுதுங்கண்ணே," என்றாள் மெல்பா. "ஆனா நான் வரலேன்னா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டணும். தாள்ல தேடக்கூடாது."

பேனாவைப் பாஸ்டரிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஓடைத் தண்ணீர் ஏறிப் பாலத்தின் முதல் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. போனில் லூசிங்கின் மகள் மரிவிக் அனுப்பிய குரல்பதிவை மறுபடி ஓடவிட்டேன். ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்ப்பவள். சாவுக்கு வர முதலாளி விடவில்லை.

"அண்ணே, கடைசி வியாழக்கிழமை ஜெபத்துக்கு அம்மா உங்க குழுவுலதான இருந்தாங்க? பட்டியல்ல அப்படித்தான் இருக்காம். என்ன பேசினாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. மரிவிக்குக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.