நாலு ஊரில் வராமல் போனவர்

1

அக்கா என் மேல் கோபித்துக்கொண்டதால் பிறந்த கதை இது. "கண்டவங்களைப் பத்தியெல்லாம் எழுதுற. உங்க அத்தானுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரம்மாவைப் பத்தி ஒரு வரி எழுதினியா?" என்றாள். நியாயமான கேள்வி. உடனே உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "கருணையே உருவான அந்த மருத்துவர்—"

வேண்டாம். சொன்ன நேரத்துக்கு யாராவது தாமதமாக வந்தால் எரிந்து விழுகிறவர் அவர். [எனக்கும் கிடைத்திருக்கிறது.]

இரண்டாவது: "என் அத்தான் ஒரு குடிகாரர்."

அக்கா படித்தால் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. டாக்டருக்கும் அந்தச் சொல் ஆகாது.

மூன்றாவது: அத்தான் லாரி ஓட்டுகிறார். சரக்கு* போகும் இடமெல்லாம் போகிறார். குடியை விட வேண்டும் என்று நாலு ஊர்களில், நாலு சிகிச்சை மையங்களில் சேர்ந்தார்.

இது நிற்கும்.

* சிமெண்டும் கூரை ஓடும்தான். சிரிக்க வேண்டாம்.

2

முதல் மையம் டாக்டருடையது. அத்தான் கொஞ்ச நாள் ஒழுங்காக வந்தார். பிறகு வெளியூர் லோடு. குறித்த நாளில் வர முடியவில்லை, மாத்திரை தீர்ந்தது, குடித்துவிட்டார். திரும்பிப் போக வெட்கம். அதனால் அடுத்த ஊரில், முகம் தெரியாத இடத்தில், புது ஆளாகச் சேர்ந்தார். அங்கும் அதே கதை. நாலு மையங்களும் அவரை "வராமல் போனவர்" என்று எழுதி மூடிவிட்டன. கடைசியில் அக்கா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு டாக்டரிடமே போய் நின்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "இடையில எங்கெல்லாம் போனீங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

(அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருடைய ரசிகை. இனி என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.)

3

அத்தானின் சம்மதத்தோடு டாக்டர் மற்ற மூன்று மையங்களையும் கூட்டு ஆய்வுக்கு அழைத்தார். நோயாளி ஊர் மாறும்போது சிகிச்சையும் கூடவே போனால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். லாரிகள் நிற்கும் இடத்திலேயே புது ஓட்டுநர்களிடம், பழக்கம் தொற்றும் முன்பே பேசலாம். நல்ல யோசனைதான், ஆனால் ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. தன் மையத்தில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

எப்படியோ ஒரு கூட்டம் கூடியது. தலைக்கு மேல் மின்விசிறி கறகறத்தது. டாக்டர் எழுந்து, தன் மையத்தில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை என்று முதலில் தானே சொன்னார். அவருடைய துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. நரைமீசை மருத்துவர் ஒருவர் [மீசை கற்பனை இல்லை] தலையை ஆட்டினார்.

"வராதவங்களுக்கு மனசு இல்லைம்மா. நாம என்ன பண்ண முடியும்?"

நோயாளிகள் சார்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தான் கையைத் தூக்கினார்.

"சார், உங்ககிட்ட வராம போனவங்கள்ல நானும் ஒருத்தன். மத்த மூணு இடத்துலயும் நான்தான். நாலு தடவை விட்டுட்டுப் போனேன், சரி. நாலு தடவை வந்தேனே சார், அதை யாரும் எழுதலையே?"

(அக்கா சொல்லும்போது இந்த வசனம் இன்னும் நீளம், நடுவில் அழுகையும் உண்டு. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். ஆய்வாளரின் நினைவை நம்புகிறேன்.)

நரைமீசை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க கணக்கையும் சேத்துக்குங்கம்மா" என்றார்.

4

இப்போது சிக்கல் எனக்கு. முடிவு வேண்டுமே.

முடிவு அ: ஆய்வு வெற்றி. அத்தான் அதன்பின் ஒரு சொட்டுக்கூட—

முடிவு ஆ: நெடுந்தூர லோடு. வழியில் ஒரு கடை. அத்தான் வண்டியை ஓரம்—

இரண்டையும் டாக்டருக்குப் போனில் படித்துக் காட்டினேன். எதிர்பார்த்தபடியே எரிந்து விழுந்தார்.

"முதல் முடிவைப் போட்டா, மறுபடி குடிச்சவங்க இது நம்ம கதை இல்லைன்னு மூடி வச்சிடுவாங்க. ரெண்டாவதைப் போட்டா உங்க அக்கா படிப்பாங்க. ஆய்வே இன்னும் முடியல. உங்களுக்கு என்ன அவசரம்?"

5

நேற்று அக்கா வீட்டில் இருந்தேன். லோடு ஏற்றிப் போன அத்தான் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடியும் மடித்தாள்.

சாயங்காலம் போன் வந்தது. நரைமீசை மருத்துவர்.

"உங்க வீட்டுக்காரர் எங்க மையத்துக்கு வந்துட்டாரும்மா. உங்களுக்குச் சொல்லச் சொன்னார்."

"குடிச்சிருக்காரான்னு கேளு" என்று நான் கிசுகிசுத்தேன். அக்கா என்னை முறைத்தாள்.

"வந்துட்டாருல்ல சார்?" என்று போனில் கேட்டாள். "அது போதும்."

போனை வைத்துவிட்டு, மடித்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

[இங்கே ஒரு அழகான வரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

குடித்துவிட்டு வந்தாரா, குடிக்காமல் குறித்த நாளில் வந்தாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், அவர் வந்தார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாலு ஊரிலும் அதைத்தான் எழுதாமல் விட்டார்கள்.